பொம்மை வராத ரொட்டி

எங்கள் கடையில், வாங்கிய சாமான்களைப் பையில் போட்டுக் கொடுப்பவர்களுக்குத் தீக்குச்சி என்று பெயர். முன்பு பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்த வேலை. ஒல்லி உடம்பு, தலையில் சிவப்புத் தொப்பி, அதனால் வந்த பெயர். இப்போது அறுபது தாண்டியவர்கள் செய்கிறார்கள். தொப்பி போய்விட்டது, உடம்பு பருத்துவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாடிக்கையாளர் கையில் வைக்கிற சில்லறைதான் எல்லாம். கட்டியிருக்கிற ஏப்ரனைக்கூட அவர்களேதான் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

தோன்யா ஒப்துலியா த்ரெஹோ நாலாம் கல்லாவின் தீக்குச்சி. பெரியவர்களை நாங்கள் மரியாதைக்குத் தோன்யா என்போம், ஆணென்றால் தோன். வயது அறுபத்து நான்கு. அரசாங்கத்தின் முதியோர் பணம் அறுபத்தைந்தில்தான் தொடங்கும் என்பதால் அந்த ஒரு வருடத்தை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்பதே அவளுடைய கணக்கு. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஜீன்ஸ் தொழிற்சாலையில் பின்பக்கப் பாக்கெட் தைத்தாள். பாக்கெட் மட்டும்தான். ஒரு முழு கால்சட்டையை அவள் அங்கே தைத்ததே இல்லை. ஒரு திங்கட்கிழமை போனபோது வாசலில் சங்கிலி போட்டிருந்தார்கள். கணவன் நாபோர் அதற்கு முன்பே எல்லை தாண்டி வடக்கே போயிருந்தான். முதல் இரண்டு வருடம் பணம் வந்தது. மூன்றாம் வருடம் ஒரு குழந்தையின் படம் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

நான் ஆறு வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு, கையில் ஒரு நல்ல ஃபோனைத் தவிர வேறெதுவும் இல்லாமல் எங்கள் ஊரான பச்சூகாவுக்குத் திரும்பி வந்த வாரம், முதன்முதலாக அவளைப் பார்த்தேன். என் தக்காளியைத் தனியாக எடுத்து மேலே வைத்தாள். பிளீச்சிங் புட்டியை சோளரொட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு பையில் போட்டாள். நான் ஃபோனைக் காட்டிப் பணம் கட்டிவிட்டுச் சட்டைப்பையைத் தடவினேன். ஒரு நாணயம்கூட இல்லை. “பரவாயில்ல மகளே, அடுத்த தடவை” என்றாள். அன்று மட்டும் அவள் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்பது, அதே கடையின் ரிட்டர்ன் கவுண்டரில் எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் தெரிந்தது. என் மேசையிலிருந்து பார்த்தால் நாலாம் கல்லா நேராகத் தெரியும். எல்லோரும் சட்டைப்பையைத் தடவினார்கள். எல்லோருக்கும் அடுத்த தடவைதான்.

வடக்கே ஒரு நாட்டில் நான் எட்டு மாதம் இருந்தேன். அங்கே தேவாலயத்து உண்டியல்கூட அட்டை கேட்கும். அப்போது அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

கடையில் முன்பு ஒன்பது கல்லா இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்து. மீதி இடத்தில், வாடிக்கையாளரே ஸ்கேன் செய்துகொள்ளும் மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். அந்த மெஷின்கள் ரொக்கம் வாங்காது. ஐந்திலும் ஏழாம் கல்லா ஒன்றில் மட்டும்தான் ரொக்கம் எடுப்பார்கள். ஆக, சில்லறை விழுகிற ஒரே இடம் ஏழாம் கல்லா. தீக்குச்சிகள் பன்னிரண்டு பேர். யாருக்கு எந்த வாரம் ஏழு என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள்.

இனி ரொட்டிக்கு வருகிறேன்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் நாளில், வளையம் மாதிரி ஒரு இனிப்பு ரொட்டி வெட்டுவோம். ரோஸ்கா. மாவுக்குள்ளே விரல் நுனி அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் பொம்மை, குழந்தை இயேசு, ஒளிந்திருக்கும். அது யாருடைய துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால் போட வேண்டும். சோளமாவில் கறியோ மிளகாயோ வைத்து, சோளக்கதிர் மடலில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. பன்னிரண்டு பேருக்குத் தமால் என்றால் ஒரு தீக்குச்சிக்கு இரண்டு வாரச் சில்லறை. அதனால் பொம்மை வந்தவர்கள் சத்தமில்லாமல் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வதும், தண்ணீரோடு விழுங்கிவிடுவதும் எங்கள் ஊரில் உண்டு. வெட்டி முடித்தும் பொம்மை வராவிட்டால் யாரும் ரொட்டியைச் சந்தேகப்படுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

இந்த வருடம் ஆளுக்கு இருபது பேசோ போட்டார்கள். ஒரு காப்பித்தூள் டப்பாவில் சேர்த்து ஒப்துலியாவிடம் கொடுத்தார்கள். ஐந்து வருடமாக அவளிடம்தான் கொடுக்கிறார்கள். காலையில் அவள் எங்கள் கடை அடுமனையிலேயே ரோஸ்காவை எடுத்து, ஏழாம் கல்லாவில் டப்பாவைக் கவிழ்த்து, இருநூற்று நாற்பது பேசோவையும் நாணயமாகக் கட்டினாள். இரண்டு மணிக்கு, காலை ஆட்களும் மாலை ஆட்களும் சேர்ந்திருக்கிற நேரத்தில், மேல்மாடி ஓய்வறையில் வெட்டினாள். பன்னிரண்டு துண்டு. பொம்மை வரவில்லை.

ஒவ்வொருவராகத் துண்டை உதிர்த்துப் பார்த்தார்கள். இல்லை. அப்போது தோன் ஃபிதென்சியோ மீசையில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் கீழே என் மேசை வரைக்கும் வந்துவிட்டது. அவரும் ஒரு தீக்குச்சி, முன்னாள் பஸ் நடத்துநர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்.

“நாம யாரும் கத்தியத் தொடல. கத்தி யார் கையில இருந்துச்சோ அவங்களுக்குத்தான தெரியும், எந்த இடத்துல வெட்டக் கூடாதுன்னு” என்றாராம். பிறகு, “தோன்யா, கொஞ்சம் வாயத் தொறந்து காட்டுங்களேன், பல்லு எண்ணிப் பாக்குறேன்” என்றாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒப்துலியா சிரிக்கவில்லை. அவள் வாயைத் திறந்தே காட்டினாள். அதுதான் அவளால் பிறகு மறக்க முடியாமல் போனது.

ரொட்டியைத் திரட்டித் தட்டோடு தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“மகளே, இதுல பொம்மை இல்ல. கடை பொம்மை வைக்க மறந்துடுச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு. பன்னெண்டு பேரு காசையும் திருப்பிக் குடு. ரெண்டும் வேணும். சீட்டு முதல்ல வேணும்.”

அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் ஒரு ரோஸ்காவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய புகார் நேர் எதிரானது. ஒரே ரொட்டியில் ஆறு பொம்மை. வீட்டில் இருப்பதும் ஆறு பேர். “ஆறு பேரும் தமால் போடணும்னா, திங்கிறது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?” என்று கேட்டாள். அடுமனையில் யாரோ எண்ணிக்கை தவறி எல்லாவற்றையும் ஒன்றிலேயே அழுத்தியிருக்கிறார்கள். நான் பணத்தை அவள் அட்டைக்கு அனுப்பிவிட்டு, விதிப்படி ரொட்டியையும் ஆறு பொம்மைகளையும் அரவைத் தொட்டியில் போட்டேன். திருப்பி வந்த தின்பண்டத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் மேசையில் வைத்திருக்கக் கூடாது. ஒப்துலியா குற்றமற்றவள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை நானே என் கையால் அரைத்திருந்தேன்.

அதை அவளிடம் சொன்னேன். அவள் தொட்டி இருக்கிற திசையை ஒருமுறை பார்த்தாள்.

“சரி, வேலையப் பாரு” என்றாள்.

வேலையைப் பார்த்தேன். தின்பண்டம் என்றால் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால்தான் திருப்பி வாங்கலாம். தராசில் வைத்தேன். பாதிக்கு நாற்பது கிராம் குறைந்தது. ஒப்துலியா மாடிக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கடித்த துண்டு இருந்தது. ஃபிதென்சியோவின் கையிலிருந்து பிடுங்கி வந்திருந்தாள். பல் பதிந்த அடையாளம் அதில் தெளிவாகத் தெரிந்தது. எடை சரியாகிவிட்டது. ஆனால் ஃபிதென்சியோவின் கோபத்துக்கு அந்த ஒரு வாய் ரொட்டியும் சேர்ந்துகொண்டது.

அடுத்து, காரணம். திரையில் ஐந்து காரணங்கள்தான் இருக்கின்றன. கெட்டுப்போனது, உடைந்தது, காலாவதியானது, விலை தவறு, வாங்கியவர் மனம் மாறினார். ‘மற்றவை’ என்று ஒன்று இருந்தது. எல்லோரும் அதையே அழுத்துகிறார்கள் என்று டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். கெட்டுப்போனது என்று போட்டால் அடுமனைத் தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் ஆறாம் தேதிக்கான ரொட்டியையெல்லாம் சுட்டு முடித்துவிட்டு நான்கு நாள் விடுமுறையில் போயிருந்தார். ஒப்துலியா எட்டி எட்டித் திரையைப் பார்த்தாள்.

“பொம்மை இல்லைன்னு எங்க இருக்கு?”

“இல்ல தோன்யா. அப்படி ஒன்னு கிடையாது.”

“நான் எங்க மனசு மாறினேன்? வாங்குறப்பவும் பொம்மை வேணும்னுதான் நெனச்சேன். இப்பவும் பொம்மை வேணும்னுதான் நெனைக்கிறேன்.”

அதை எழுதுவதற்கு அந்தத் திரையில் இடம் இல்லை.

அடுத்து, பணம். என் மேசையில் பணப்பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. புத்தாண்டு முதல் ரிட்டர்ன் கவுண்டரில் ரொக்கம் கொடுப்பதில்லை. அட்டையில் கட்டியவர்களுக்கு அட்டைக்குப் போகும். ரொக்கமாகக் கட்டியவர்களுக்குக் கடை வாலட்டில் ஏறும். வாலட் என்பது ஒரு ஃபோன் எண். அதில் ஏறிய பணத்தை எங்கள் கடையில் மட்டும்தான் செலவு செய்யலாம், அதுவும் முப்பது நாளைக்குள். இந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிறேன். அன்று சொல்லும்போதுதான் என் காதில் அது விழுந்தது.

“நான் நாணயமா குடுத்தேன்.”

“தெரியும் தோன்யா.”

“பன்னெண்டு பேரு போட்ட நாணயம். என் ஒருத்தி ஃபோன்ல ஏத்தினா அது என் காசாயிடுதே.”

ஓடிபி வரும், ஃபோன் வேண்டும் என்றேன். தரைத்தளத்தில் தீக்குச்சிகள் ஃபோன் வைத்திருக்கக் கூடாது. அவளுடைய பட்டன் ஃபோன் மாடி லாக்கரில் இருந்தது. ஓடிபி இரண்டு நிமிடம்தான் உயிரோடு இருக்கும். அவள் படியேறி, எண்ணை வாய்க்குள் உச்சரித்துக்கொண்டே இறங்கி வருவதற்குள் செத்துவிட்டது. இரண்டாம் தடவையும் செத்தது. மூன்றாம் தடவை நான் ஓடினேன். வரிசையில் நின்ற ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கடைசியில் சீட்டு வெளியே வந்தது. தேதி, தொகை, கீழே பெரிய எழுத்தில்: காரணம், வாங்கியவர் மனம் மாறினார்.

அவள் கேட்ட சாட்சிச் சீட்டு அப்படித்தான் அவள் கைக்கு வந்தது.

அடுத்த நாளே நான் ஓய்வறைக்குப் போய் ஆறு பொம்மைக் கதையைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்கள். ஃபிதென்சியோ, “ஆறு பொம்மையா? எங்க காட்டு” என்றார். அரைத்துவிட்டேன் என்றேன். “அப்ப ஆறையும் நீயே முழுங்கிட்டேன்னு சொல்லு. அந்தம்மாவாவது ஒன்னுதான் முழுங்குச்சு” என்றார். அதற்குப் பிறகு நானும் அவளும் கூட்டு என்று பேச்சாகிவிட்டது.

அந்த ஜனவரி முழுவதும் காற்று தகரக் கூரைகளை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒப்துலியாவிடம் யாரும் நேராக எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். யாராவது இருமினால், “பாத்து, பொம்மை மாட்டிக்கப் போவுது” என்று இன்னொருவர் சொல்வார். அவள் ஃபோனில் இருந்த செய்தியைக் காட்டினாள். இருநூற்று நாற்பது, இதோ, அப்படியே இருக்கிறது என்றாள். பார்த்தார்கள். அது எண். எண்ணைப் பன்னிரண்டாகக் கிழித்து யார் கையிலும் வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு சோப்பு வாங்கிக் கொடுத்துவிடேன் என்று ஒருத்தி சொன்னாள். சோப்பு இருபது பேசோ இல்லை, பதினெட்டு, மீதி இரண்டு எங்கே என்று இன்னொருத்தி கேட்டாள்.

அந்த வாலட்டில் மாவும் பன்றிக்கொழுப்பும் மடலும் வாங்கித் தமால் செய்துவிடுங்கள், எல்லாம் தீர்ந்துவிடும் என்று நானே ஒருநாள் சொன்னேன். அவள் தக்காளியை எடுத்துப் பார்க்கிற மாதிரி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தமால் போடுறவ யாரு? பொம்மை கெடச்சவ. நான் தமால் போட்டா, ஆமா நான்தான் ஒளிச்சேன்னு பன்னெண்டு பேருக்கும் பரிமாறின மாதிரி. அது ருசியா வேற இருந்துட்டா மறக்கவே மாட்டாங்க.”

சரிதான். அந்தக் கடையில் அவள் எதை வாங்கி யாருக்குக் கொடுத்தாலும் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். கொடுக்காவிட்டால் பணத்தை அமுக்கிவிட்டாள் என்பார்கள். பிப்ரவரி ஐந்தாம் தேதி அந்த எண்ணும் தானாகப் பூஜ்யமாகிவிடும்.

என் சம்பளத்திலிருந்து இருநூற்று நாற்பது பேசோ எடுத்துத் தருகிறேன், வாலட்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கனவே கூட்டு என்கிறார்கள், இதில் பின்பக்கமாகக் காசு வேறு கை மாறினால் முடிந்தது என்றாள். மேலாளரிடம் போனாள். அவர் எழுந்து நின்று மரியாதையாகப் பேசினார். ரொக்கம் என்பது அழுக்கு, திருட்டு, வரிசை, தாமதம் என்றார். உங்களுக்கும் ஒரு க்யூஆர் சதுரக் குறி அச்சடித்து ஏப்ரனில் குத்திவிடலாம், வாடிக்கையாளர்கள் ஃபோனைக் காட்டி அன்பளிப்புப் போடுவார்கள் என்றார். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டுமே என்றாள். தொடங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

“கொம்பி வேன்காரன் என் ஏப்ரனப் பாத்தா ஏத்திக்குவான்?” என்று என்னிடம் வந்து கேட்டாள். “மலை மேல எங்க வீட்டுக்குத் தண்ணி லாரி வருது. வாரத்துக்கு ஒரு நாள், கரண்டு இருக்குதா, சிக்னல் இருக்குதான்னா பாத்துட்டு வருது? காச நீட்டுனா தொட்டிய ரொப்புவான், இல்லாட்டிப் போய்க்கிட்டே இருப்பான். அந்தாளு கிட்டப் போயி நான் மனசு மாறினேன்னு சொல்லவா?”

கடைசியில் வழியை அவளே கண்டுபிடித்தாள். ரொக்கம் கட்டுகிற யாராவது ஒருவருடைய சாமானுக்குத் தன் வாலட்டிலிருந்து பணம் கட்டுவது. அவர் அந்தப் பணத்தை நாணயமாக அவள் கையில் கொடுப்பது. கல்லாவுக்கு முன்னால், எல்லோரும் பார்க்க. அதற்கு அவள் ஏழாம் கல்லாவில் நிற்க வேண்டும். ஜனவரியின் கடைசி வாரத்துக்குச் சீட்டில் ஏழு விழுந்தது ஃபிதென்சியோவுக்கு.

ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். ஒரே ஒரு நாள்.

“பொம்மையக் குடுங்க, கல்லாவக் குடுக்கிறேன்” என்றார்.

“பொம்மை இல்ல. என் அடுத்த ஏழு முழுசா ஒரு வாரம் உங்களுக்கு. ஒரு நாளுக்கு ஒரு வாரம்.”

ஃபிதென்சியோ மற்றவர்களைப் பார்த்தார். மறுத்தால் அவர்தான் பேராசைக்காரர், ஒப்புக்கொண்டாலும் அவர்தான். ஒப்புக்கொண்டார். “சனிக்கிழமை. மதியம் வரைக்கும்” என்று அதிலும் பாதியை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, அவள் ஏழாம் கல்லாவில் நின்று ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்பதை என் மேசையிலிருந்து பார்த்தேன். முதல் ஆள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஏமாற்று வேலை என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது பெண், ரொக்க வரிசையில் நின்றுவிட்டுக் கடைசியில் ஃபோனை எடுத்தாள். ஒருவர் ஐந்நூறு பேசோ தாள் வைத்திருந்தார், ஆனால் வாங்கியது ஒரு பால். பத்து மணி, பதினொன்று. நாணயம் வைத்திருக்கிற மனிதர்கள் இவ்வளவு குறைந்துவிட்டார்கள் என்பதை அவர்களைத் தேடிப் பார்த்தபோதுதான் கண்டேன்.

பதினொன்றரைக்கு, ஆஸ்பத்திரி வாசலில் கொர்தீத்தா என்கிற தடித்த சோளரொட்டி சுட்டு விற்கிற ஒரு பெண் வந்தாள். பெயர் மெலித்தோனா. எண்ணெய், கொழுப்பு, உலர்ந்த மிளகாய், பாலாடைக்கட்டி. துணிப்பை நிறைய நாணயம். ஒப்துலியா பேச ஆரம்பித்ததுமே அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அக்கா, கதையெல்லாம் வேணாம். இந்தப் பாரத்த நான் தூக்கிட்டு அலையிறேன். பேங்குல குடுத்தா எண்ண ஆள் இல்லேங்கிறான். நீங்க எடுத்துக்கிட்டா எனக்குப் புண்ணியம்.”

ஆனால் ஓடிபி வேண்டும். ஃபோன் லாக்கரில். நான் மேசையை விட்டு ஓடி எடுத்துவந்து, தரைத்தளத்தில் எல்லோர் கண்முன்னாலும் அவள் கையில் கொடுத்தேன். கல்லாக்காரி எண்ணைத் தட்டினாள். சிவப்பு விளக்கு. தள்ளுபடிச் சாமானுக்கு வாலட் செல்லாது. எண்ணெய் தள்ளுபடியில் இருந்தது. எண்ணெயைத் தனியே எடுத்தார்கள். தொகை குறைந்துவிட்டது. இன்னும் ஒரு பாலாடைக்கட்டி சேர்த்தார்கள். இரண்டாவது ஓடிபி. வரிசையில் பின்னால் நின்றவர்கள் மெஷினுக்கு நகர்ந்தார்கள். மூன்றாம் தடவை பச்சை எரிந்தது. மெலித்தோனா பத்துப் பேசோ நாணயங்களை ஒப்துலியாவின் ஏப்ரனில் எண்ணி எண்ணிப் போட்டாள். இருபத்து நான்கு. ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் நாலாம் கல்லா வரை கேட்டது. ஃபிதென்சியோ அங்கே ஒரு பையின் வாயை விரித்தபடி உள்ளே எதையும் போடாமல் நின்றார்.

ஒப்துலியா தன் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மெலித்தோனாவுக்கு அன்பளிப்பாக நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

மேலாளரும் பார்த்திருந்தார். தரைத்தளத்தில் ஃபோன், வாடிக்கையாளரோடு பண விவகாரம். ஒப்துலியாவுக்கு இரண்டு வாரம் இடைநீக்கம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதில் காரணம் எழுதுவதற்கு அரைப்பக்கம் இடம் விட்டிருந்தார்கள்.

கணக்குப் பார்த்தால், இருநூற்று நாற்பது பேசோவைத் திருப்பி வாங்க அவள் மூன்று வாரச் சில்லறையைக் கொடுத்திருந்தாள். அதை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“நான் எப்ப மகளே காசு கேட்டேன்?” என்றாள்.

பிப்ரவரி இரண்டு, ஞாயிறு. இடைநீக்கத்தில் இருப்பவர் உள்ளே வரக்கூடாது என்பதால், இரண்டு மணிக்கு வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வந்து நின்றாள். ஏப்ரன் இல்லாமல் அவளை அதுவரை நான் பார்த்ததில்லை. நீல நிறக் கம்பளிச் சட்டை. பதினோரு பேரும் வெளியே வந்தார்கள். எப்போதும் இந்த நாளில் ஓய்வறையில் பானை திறந்திருக்கும். இந்த வருடம் ஒன்றும் இல்லை. யாரும் சாப்பாடும் எடுத்து வந்திருக்கவில்லை. தமால் நாளில் எடுத்து வந்து பழக்கமில்லை. எல்லோருக்கும் பசி.

அவள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு உள்ளங்கையில் இரண்டு நாணயம் வைத்தாள். வைத்துவிட்டு அவர்களுடைய விரல்களை மூடினாள். ஃபிதென்சியோவைக் கடைசியாகக் கூப்பிட்டாள். அவர் நாணயத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“அப்ப பொம்மை உங்ககிட்ட இல்ல.”

“வாயத் தொறந்து காட்டவா?”

அவர் தரையைப் பார்த்தார். “வேணாம்” என்றார். நிமிர்ந்து, “அப்ப யாருகிட்ட?” என்று கேட்டு மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு பொம்மை பற்றி நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பணத்தைப் போலவே சந்தேகத்தையும் பன்னிரண்டாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்களிடமிருந்து எதையும் வாங்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. மன்னிப்பு எதுவும் வரவில்லை.

கடை வாசலுக்கு எதிரே தமால் விற்கிற ஆள் பானையோடு நின்றுகொண்டிருந்தான். ஒன்று இருபது பேசோ. பானையில் அவனும் ஒரு சதுரக் குறி ஒட்டியிருந்தான், காற்றில் அதன் ஒரு முனை அடித்துக்கொண்டிருந்தது. முதலில் ஒருத்தி தெருவைக் கடந்து போனாள். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். நான் ஃபோனை நீட்டினேன். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“தள்ளி நில்லு தாயி” என்றான் அவன். “கையில காசு, வாயில தமால். உன் மெஷினு முடிவு பண்றதுக்குள்ள ஆறிடும்.”

ஒப்துலியா தன் பங்கு இரண்டு நாணயத்தைக் கொடுத்து ஒரு பச்சை மிளகாய்த் தமால் வாங்கினாள். மடல் கொதித்தது. பிடிப்பதற்குத் தாள் கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றான். கம்பளிச் சட்டைப்பையில் கைவிட்டு நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து, அதை வைத்துத் தமாலைப் பிடித்தாள். நான் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ரிட்டர்ன் சீட்டு.

“அது வேணாமா தோன்யா? பத்திரமா வெச்சிருந்தீங்களே.”

“பொய்தான எழுதியிருக்கு. சூடு தாங்குதான்னு பாக்கறேன்.”

எங்கள் கடைச் சீட்டு சூட்டில் அச்சாகிற தாள், சூடு பட்டால் கறுத்துவிடும். அவள் ஒரு வாய் கடித்துவிட்டுக் கையைத் திருப்பினாள். தேதி போயிருந்தது. தொகை போயிருந்தது. ‘மனம் மாறினார்’ இருந்த இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு கறுப்புத் திட்டு. அவள் அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு, பல்லில் எதுவும் தட்டுகிறதா என்று பார்ப்பவள் போல, மிக மெதுவாக மென்றாள்.